முதல் துப்பாக்கி, கையில் 600 டாலர்: டெக்சாஸில் எதை வாங்கலாம்?

ஃப்ரிஸ்கோ_பாலா

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் போன வருடம் ஒருவழியாகக் கிரீன் கார்டு வந்தது. பையனுக்கு ஆறு வயது. அண்மையில் இரண்டு தெரு தள்ளி ஒரு தெலுங்குக் குடும்பத்தின் வீட்டில் பின்கதவை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மாதத்தில் ஒரு வாரம் ராத்திரி ஆன்-கால். கூப்பிட்டால் டேட்டா சென்டருக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் மனைவியும் பையனும் மட்டும்தான்.

இதுவரை துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. கடையில் போய் நின்றால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. 600 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். ஆபீஸ் நண்பர் ‘கண்ணை மூடிக்கொண்டு கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கு’ என்கிறார். சரியா?

கேட்டி_மீனா

பாலா தம்பி, ஹூஸ்டன் பக்கம் பெட்ரோல் பங்கும் கடையும் வைத்திருக்கிறோம், ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவள். துப்பாக்கி வாங்காதே என்று சொல்ல வரவில்லை. ஆனால் நீ சொல்லும் திருட்டுக்கு அது மருந்தில்லை. இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்து வருகிறவன், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவான். தீபாவளி பார்ட்டி, கோயில் விசேஷம், கோடை லீவுக்கு ஊருக்குப் போயிருக்கும் வாரங்கள். அப்போது நீ வாங்கி வைத்த துப்பாக்கியும் நகையோடு சேர்ந்து போகும்.

முதலில் நகையை பாங்க் லாக்கருக்குக் கொண்டு போ. பின்கதவின் நிலையில் தாழ்ப்பாள் விழும் தகடு இருக்கிறதே, அதைக் கழற்றிப் பார். பெரும்பாலும் முக்கால் அங்குல ஆணிதான் இருக்கும், உதைத்தால் நிலை பிளந்து விடும். மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டால் அது சுவரின் கட்டை வரை இறங்கிப் பிடிக்கும். செலவு பத்து டாலர்கூட வராது. இதையெல்லாம் செய்த பிறகும் ‘நான் இல்லாத ராத்திரியில் யாராவது உள்ளே வந்துவிட்டால்’ என்ற பயம் இருந்தால், அது நியாயமான பயம். அதற்குத் துப்பாக்கியைப் பற்றிப் பேசலாம்.

பழைய_ரேஞ்ச்_ஆள்

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். இப்போது காசுக் கணக்குக்கு வருகிறேன். வார இறுதிகளில் துப்பாக்கி சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

கிளாக் 19 நல்ல துப்பாக்கி, சந்தேகமில்லை. புதிது 550 டாலரைத் தொடும். டெக்சாஸில் விற்பனை வரி எட்டேகால் சதவீதம் வரை போகும். பில் போட்டு முடித்தால் உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. பூட்டி வைக்கப் பெட்டி இல்லை, சுட்டுப் பழகத் தோட்டா இல்லை, கற்றுக்கொள்ள வகுப்பு இல்லை. அந்த நிலையில் வீட்டுக்குள் வரும் துப்பாக்கியால் முதல் ஆபத்து பையனுக்குத்தான்.

என் கணக்கு இப்படிப் போகும். துப்பாக்கி வரியோடு 320-க்குள். பூட்டுப் பெட்டிக்கு 110 முதல் 130. ஆரம்ப வகுப்புக்கு 80 வாக்கில். பழகுவதற்கு 9 எம்.எம். சாதாரணத் தோட்டா 50 கொண்ட பெட்டி 13, 14 டாலருக்குக் கிடைக்கிறது, தொடக்கத்துக்கு மூன்று பெட்டி போதும். வீட்டில் வைக்க ஹாலோ பாயின்ட், அதாவது பட்டதும் விரியும் தோட்டா, ஒரு பெட்டி. காது மூடி, கண்ணாடி தனி. எல்லாம் சேர்த்து 600-ஐக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

அந்த 320-க்குள் என்ன வரும்? டாரஸ் ஜி3சி 250-300. ரூகர் செக்யூரிட்டி-9-ம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எஸ்டி9-ம் தள்ளுபடி நேரத்தில் 300-ஐ ஒட்டி வரும். மூன்றும் கிளாக் மாதிரி வழுவழுவென்று இருக்காது. எஸ்டி9-ன் விசை கனமாக இருக்கும். வீட்டுக்கு அது ஒரு குறையே இல்லை. பழைய டாரஸ் மட்டும் வேண்டாம். கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்ற வழக்கில் பழைய பி.டி. வரிசை மாடல்கள் பலவற்றுக்கு 2015-ல் சமரசம் ஆனது. அவை இன்னும் அடகுக் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு வழி போலீஸ் டிரேட்-இன், அதாவது போலீஸ் துறை கடையில் மாற்றிக் கொடுத்த பழைய துப்பாக்கி. எஃப்.பி.ஐ. 2010களின் நடுவில் 9 எம்.எம்.-க்குத் திரும்பியதும் ஊர் ஊராகப் போலீஸ் துறைகள் .40 (9 எம்.எம்.-ஐவிடப் பெரிய தோட்டா) துப்பாக்கிகளைக் கடைக்குத் தள்ளின. கிளாக் 22, எம் அண்ட் பி 40 எல்லாம் 300-ஐ ஒட்டிக் கிடைக்கும். வெளியே உறையில் தேய்ந்த தழும்பு இருக்கும், உள்ளே புதிது மாதிரி இருக்கும். போலீஸ்காரர் அதை இடுப்பில் சுமந்ததுதான் அதிகம், சுட்டது குறைவு. ஆனால் .40 உதை அதிகம், தோட்டாவும் விலை அதிகம். முதல் துப்பாக்கிக்கு நான் சொல்ல மாட்டேன். டிரேட்-இன்னில் 9 எம்.எம். கிடைத்தால் விடாதீர்கள். இருட்டில் ஒளிரும் குறிமுள் போட்டது என்று கடைக்காரர் ஆசை காட்டினால் எந்த வருடத்தது என்று கேளுங்கள். அதில் இருக்கும் டிரிட்டியம் பன்னிரண்டு வருடத்தில் பாதியாக மங்கிவிடும்.

லபக்_சிங்கம்

இவ்வளவு யோசனை எதற்கு? மாவரிக் 88 ஷாட்கன் 250 டாலர். தோட்டா ஏற்றக் குழலுக்கு அடியில் இருக்கும் பம்பை இழுக்கும் ‘சக்-சக்’ சத்தம் கேட்டாலே திருடன் தலைதெறிக்க ஓடுவான். அதுவும் வேண்டாமா, ஹை-பாயின்ட் 200-க்கு வரும். டெக்சாஸில் ராத்திரி சொத்தைத் திருடினால் சுடவே சட்டம் இருக்கிறது, அப்புறம் என்ன?

பழைய_ரேஞ்ச்_ஆள்

சிங்கம், சத்தத்தை நம்பி யாரும் துப்பாக்கி வாங்கக் கூடாது. சத்தம் கேட்டு ஓடாதவன் வந்தால் என்ன செய்வது? அதோடு, நீங்கள் எந்த அறையில் நிற்கிறீர்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடும். மாவரிக் 88-ஐக் குறை சொல்லவில்லை. தோட்டம், துரவு, தனி வீடு என்று இருப்பவருக்கு அந்தக் காசுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் பாலா இல்லாதபோது அவர் மனைவிதான் எடுக்க வேண்டும். பதட்டத்தில் பம்பை முழுசாகப் பின்னால் இழுக்காமல் பாதியில் விடுவது புதியவர் எல்லோரும் செய்வது, அப்படி விட்டால் அடுத்த தோட்டா ஏறாது. நீளத் துப்பாக்கியைக் குழந்தைக்கு எட்டாமலும் அவசரத்துக்கு எட்டும்படியும் பூட்டி வைக்கும் பெட்டிக்குத் துப்பாக்கியின் விலையைவிடக் கூட ஆகும். ஹை-பாயின்ட் சுடும், மறுக்கவில்லை. ஆனால் செங்கல்லைத் தூக்கிக் குறி பார்ப்பது மாதிரி இருக்கும்.

ஷாட்கன் என்றால் சுவரைத் துளைக்காது என்றும் சிலர் சொல்வார்கள். இங்கே நம் வீட்டுச் சுவரெல்லாம் ஜிப்சம் அட்டை. பக்‌ஷாட் என்ற ஷாட்கனின் பெரிய ரவை, 9 எம்.எம். எதுவாக இருந்தாலும் அடுத்த அறைக்குப் போகும். பையன் எந்தப் பக்கம் தூங்குகிறான் என்பதை வைத்து, எங்கே நிற்பது, எந்தத் திசையில் சுடவே கூடாது என்று பகலிலேயே முடிவு செய்து வையுங்கள்.

சட்டம்_படிச்சவன்

சிங்கம் சொன்ன சட்டத்துக்கு வருகிறேன். டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 9.42 சொத்துக்காகச் சுட அனுமதிப்பது உண்மை. ஆனால் அதில் ‘வேறு வழியில் சொத்தைக் காக்கவோ மீட்கவோ முடியாது என்று நியாயமாக நம்பினால்’ என்கிற மாதிரி நிபந்தனைகள் வரிசையாக நிற்கின்றன. அது நியாயமா இல்லையா என்று தீர்மானிக்கப் போவது நீங்கள் இல்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு இந்தப் பிரிவைக் காட்டலாம் என்று நினைப்பவர் முதலில் வக்கீல் ஃபீஸ் என்ன என்று விசாரிக்கட்டும். உள்ளே ஆள் இருக்கும் வீட்டுக்குள் வலுக்கட்டாயமாக நுழைந்தவன் விஷயத்தில் 9.31, 9.32 உங்களுக்குச் சாதகமாக நிற்கும். அது உயிரைக் காக்கும் பிரிவு. அதோடு நில்லுங்கள்.

நம்மவருக்கு இன்னொரு கத்தி தலைக்கு மேல் தொங்குகிறது. கிரீன் கார்டு கையில் இருந்தாலும், துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் குடிவரவுச் சட்டப்படி நாடு கடத்தலாம். பக்கத்து வீட்டு அமெரிக்கன் அபராதம் கட்டிவிட்டுப் போகும் விஷயத்துக்கு நாம் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

வாங்கும்போது கடையில் 4473 என்ற படிவம் தருவார்கள். டிரைவிங் லைசென்ஸில் இருக்கும் முகவரி இப்போது குடியிருக்கும் முகவரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை இல்லாதவர் கிரீன் கார்டில் இருக்கும் ஏ-நம்பரை எழுத வேண்டும், கிரீன் கார்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். கஞ்சா பற்றிய கேள்வியில் பலர் வழுக்குகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் சட்டப்படிதானே வாங்கினோம் என்பது மத்திய அரசிடம் செல்லாது. பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றம். பின்னணிச் சோதனை முடிவு நமக்கு உடனே வராமல் ‘டிலே’ என்று வருவது சகஜம், குடிவரவுத் தகவலைச் சரிபார்ப்பார்கள். பதறாதீர்கள்.

எச்1பி_ஏக்கம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எச்1பி-யில் இருக்கிறேன், கிரீன் கார்டுக்கான ஐ-140 ஒப்புதல் வாங்கி வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறேன். எனக்கு ஒரு சிட்டிசன் நண்பர் தன் பேரில் வாங்கித் தருகிறேன் என்கிறார். காசு நான் கொடுத்துவிடுவேன். நண்பர்களுக்குள்தானே, பரவாயில்லையா?

சட்டம்_படிச்சவன்

வேண்டவே வேண்டாம். அதற்குப் பெயர் ஸ்ட்ரா பர்ச்சேஸ். 2022-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு 15 வருடம் வரை சிறை. நண்பரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள்.

நான்-இமிக்ரன்ட், அதாவது தற்காலிக, விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி தடை. எச்1பி, எச்4, எல்1, எஃப்1, ஊரிலிருந்து வரும் பெற்றோரின் பி2 எல்லாம் இதில் அடங்கும். கிரீன் கார்டுக்கு ஐ-485 விண்ணப்பம் போட்டு, வேலை செய்ய ஈ.ஏ.டி. அனுமதி வந்துவிட்டாலும் கிரீன் கார்டு ஆகும்வரை தடை தொடரும் என்பதுதான் துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப். நிலைப்பாடு. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வாங்கலாம். பலர் அப்படி வாங்கவும் செய்கிறார்கள். ஆனால் லைசென்ஸ் காலாவதியாகும் நாளில் உங்கள் அலமாரியில் இருப்பது குற்றப் பொருளாகிவிடும். புதுப்பிக்க மறந்தேன் என்று குடிவரவு அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. என்னைக் கேட்டால், வரிசையில் நிற்கிறவர் இந்த வழியில் போக வேண்டாம்.

லபக்_சிங்கம்

நான் அதே வேட்டை லைசென்ஸ் வழியில் வாங்கி வைத்துவிட்டு கிரீன் கார்டும் வாங்கியவன். பூச்சாண்டி காட்டாதீர்கள் சார்.

சட்டம்_படிச்சவன்

சட்டத்தில் இடமில்லை என்று நான் சொல்லவில்லையே. வேண்டாம் என்றுதான் சொன்னேன். உங்களுக்கு நல்லபடி முடிந்ததில் சந்தோஷம்.

கேட்டி_மீனா

விசைக்கு முன்னால் ஸ்லைடைப் பற்றி ஒரு வார்த்தை, தோட்டா ஏற்றப் பின்னால் இழுக்கும் மேல்பாகம் அது. எந்த மாடல் என்று ஆண்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள், வீட்டுப் பெண்ணால் அதை இழுக்க முடியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பாலா, கடைக்குப் போகும்போது மனைவியைக் கூட்டிக்கொண்டு போ. காலித் துப்பாக்கியைக் கையில் வாங்கி அவள் ஸ்லைடை இழுத்துப் பார்க்கட்டும். கையை நீட்டி விரல் நுனியால் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, குழல் முன்னால் பார்த்தபடி, இடது உள்ளங்கையை ஸ்லைடின் பின்பகுதி மேல் கவிழ்த்து நான்கு விரலால் இறுக்க வேண்டும். அப்புறம் இடது கையால் இழுப்பதைவிட வலது கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். சுட்டுவிரல் விசைக்கு வெளியே, நேராக. அப்படியும் வரவில்லையா, ரூகர் செக்யூரிட்டி-380 என்று ஒன்று இருக்கிறது. ஸ்லைடு லேசாக வரும், விலையும் 300 வாக்கில்தான். தோட்டா சின்னது, கொஞ்சம் விலை அதிகம். கையாள முடியாத 9 எம்.எம்.-ஐவிட அது மேல்.

ரேஞ்சுக்குப் போகும் நாளில் இருவரும் கழுத்து மூடிய சட்டை போடுங்கள். சுட்டதும் வெளியே தெறிக்கும் காலிக் கூடு நெருப்பாகச் சுடும். அது சட்டைக்குள் விழுந்தால் துள்ளுவீர்கள், துள்ளும்போது துப்பாக்கியும் கையோடு திரும்பும். என் கண்ணெதிரே ஒரு பெண் அப்படித் திரும்பினாள். நல்லவேளை, ரேஞ்ச் ஆள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

நைட்_டூட்டி_நர்ஸ்

எமர்ஜென்சியில் வேலை பார்க்கிறேன். இழையில் யாரும் தொடாததைச் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2020-ல் வந்த ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, இல்லாதவர்களைப் போல் சுமார் எட்டு மடங்கு இருந்தது. பெண்களுக்கு அது 35 மடங்கு. மாத்திரை தின்றவரைப் பல நேரம் காப்பாற்றி அனுப்புகிறோம். இதில் இரண்டாவது வாய்ப்பு அநேகமாகக் கிடையாது.

நம் வீடுகளில் மனச்சோர்வு என்றால் வாயைத் திறக்க மாட்டோம். லே-ஆஃப் கடிதம் வந்தது, வீட்டுக் கடன் தலைக்கு மேல் நிற்கிறது என்றால் துப்பாக்கி கொஞ்ச காலம் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். சட்டப்படி வைத்திருக்கத் தகுதி உள்ள நண்பரிடம் கொடுத்து வைக்கலாம், வைத்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. வாங்கும் முன்பே கணவனும் மனைவியும் இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்தான்

இங்கே கோவை மாவட்டத்தில் இருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன். 300 டாலர், கடையில் ஒரு படிவம், முடிந்ததா? எங்கள் அப்பாரு காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸை என் பேருக்கு மாற்றவே போலீஸ் விசாரணை, தாசில்தார் அறிக்கை, கலெக்டர் ஆபீஸ் என்று செருப்புத் தேய நடந்தேன். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டும். அந்த மாதம் பார்த்துக் காட்டுப்பன்றி வாழைக்குள் இறங்கும். ஒருவருக்கு மூன்று என்று இருந்ததை 2019-ல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். கான்பூர் .32 ரிவால்வர் விலையைக் கேட்டால் நீங்கள் அங்கே மூன்று வாங்கிவிடலாம். வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியை 1980களின் நடுவில் நிறுத்தியதால் பழைய வெப்லியைக்கூட லட்சக்கணக்கில் விற்கிறார்கள்.

நீங்கள் ஊருக்கு வரும்போது ஒரு விஷயம். ரேஞ்சுக்குக் கொண்டு போன பையை விமானத்துக்கு எடுத்து வராதீர்கள். மடிப்பில் ஒரே ஒரு தோட்டா கிடந்தாலும் நம் ஊர் ஏர்போர்ட்டில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. தெரியாமல் கிடந்தது, அறிந்து வைத்திருக்கவில்லை என்று வாதாடி கோர்ட்டில் ரத்து செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். அதற்குள் லீவு முடிந்துவிடும்.

பழைய_ரேஞ்ச்_ஆள்

அண்ணன் சொன்னது பொன் மாதிரி. ரேஞ்ச் பை தனி, பயணப் பை தனி. குழந்தையின் டயப்பர் பையில் தோட்டாவைப் போட்டுவிட்டு டி.எஃப்.டபிள்யூ. ஏர்போர்ட்டில் மாட்டுகிறவர்களும் உண்டு.

பெட்டியைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. விரல் ரேகைப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். 2023 அக்டோபரில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு கம்பெனியின் விரல் ரேகைப் பெட்டிகள் சுமார் 61,000-ஐத் திரும்பப் பெற வைத்தது. ரேகையைப் பதிவு செய்யாத நிலையில் யார் விரல் வைத்தாலும் திறந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் இறந்த பிறகுதான் அது நடந்தது.

பட்டன் அமுக்கித் திறக்கும் மெக்கானிக்கல் பூட்டு எனக்குப் பிடித்தது. பாட்டரி கிடையாது, இருட்டில் தடவியே திறக்கலாம். நல்லது 200-ஐத் தாண்டும். 120-க்குள் என்றால் எண் பட்டனும் சாவியும் சேர்ந்த எஃகுப் பெட்டி பாருங்கள், தகடு மெல்லியதாக இருக்கக் கூடாது. வாங்கி அப்படியே அலமாரியில் வைத்தால் திருடன் பெட்டியோடு தூக்குவான். அடியில் ஓட்டை இருக்கும், சுவர்க் கட்டையிலோ அலமாரியின் தரையிலோ போல்ட் போடுங்கள். சாவி சாமி அறையில் தொங்கக் கூடாது. நம்மவர் வீட்டில் சாவி எல்லாம் அங்கேதான் தொங்கும், பையன்களுக்கும் அது தெரியும். 17 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி கவனக்குறைவாக வைத்தால் டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 46.13-ன் கீழ் குற்றம். பிள்ளை அதைச் சுட்டு யாருக்காவது பலத்த காயம் என்றால் குற்றத்தின் தரம் இன்னும் கூடும்.

அப்புறம் எல்.டி.சி., கைத்துப்பாக்கியை உடன் எடுத்துப் போக டெக்சாஸ் தரும் அனுமதி. 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர் அனுமதி இல்லாமலே இடுப்பில் வைத்துப் போகலாம் என்றாகிவிட்டதால் அதை யாரும் மதிப்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் 40 டாலர்தான், வகுப்பில் சட்டமும் சொல்லித் தருவார்கள், சுட்டும் காட்ட வேண்டும். அதை வைத்திருந்தால் அடுத்த முறை வாங்கும்போது அந்த ‘டிலே’ தொல்லையும் இல்லை.

ஃப்ரிஸ்கோ_பாலா

அண்ணா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. நிலைக்கு ஸ்க்ரூ போட்டாயிற்று. பழைய ஆணி அரை அங்குலம்தான் இருந்தது. நகை லாக்கருக்குப் போய்விட்டது, மாமியார் கொடுத்த காசு மாலையைத் தவிர, அதில் மனைவி பிடிவாதம். சனிக்கிழமை இருவருக்கும் ஆரம்ப வகுப்பு பதிவு செய்திருக்கிறேன். வாடகைத் துப்பாக்கிகளில் செக்யூரிட்டி-9, செக்யூரிட்டி-380, எஸ்டி9 மூன்றும் அங்கே இருக்கிறதாம். இருவருக்கும் எது பொருந்துகிறதோ அது. கிளாக் இப்போதைக்கு இல்லை.

ஒரே சந்தேகம். ஜூனில் மாமனார் மாமியார் பி2-வில் வந்து ஆறு மாதம் இருப்பார்கள். மாமனார் ராணுவத்தில் இருந்தவர், பார்த்தால் எடுத்துக் கையில் பிடித்துக் காட்டு என்பார். என்ன செய்வது?

சட்டம்_படிச்சவன்

பி2 என்றால் கையிலேயே கொடுக்கக் கூடாது. பெட்டியின் எண் அவர்களுக்குத் தெரியக் கூடாது, சாவி கிடைக்கக் கூடாது. நீங்கள் ஆன்-கால் போகும் ராத்திரியில் எண் தெரிந்தவர் உங்கள் மனைவி ஒருவர் மட்டும்தான் என்று இருக்கட்டும். ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் வாடகைக்கு எடுத்துச் சுடச் சொல்லலாமே என்று தோன்றும், அதுவும் கூடாது.

கேட்டி_மீனா

வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று மாமனாரிடம் ஏன் சொல்கிறாய்?

ஃப்ரிஸ்கோ_பாலா

நான் சொல்லவில்லை அக்கா. பையன் வீடியோ காலில் ‘தாத்தா, அப்பா புதுசா இரும்புப் பெட்டி வாங்கப் போறாங்க’ என்று சொல்லியாகிவிட்டது.

கேட்டி_மீனா

அப்போது காசு மாலையையும் அதற்குள்ளேயே வைத்துவிடு. பெட்டி எதற்கு என்று கேட்டால் அதைச் சொல்லிக்கொள்ளலாம். உன் மனைவிக்கும் சம்மதமாக இருக்கும்.

பழைய_ரேஞ்ச்_ஆள்

அக்கா, மாலையைப் போட்டால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பும் போதெல்லாம் பெட்டியைத் திறப்பார்கள், பையன் பக்கத்தில் நிற்பான். வேண்டாம். பாலா, மாலைக்குத் தனிப் பெட்டி வாங்குங்கள். அதை அவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள்.